கோமா கொத்தின் இரண்டு ராட்சதர்கள்: கேலக்ஸிகள் நடுவில் வந்து இணைவது எப்படி?

வானில் கோமா பெரனிசிஸ் விண்மீன் தொகுதி இருக்கும் திசையில், சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரே கூட்டமாக இருக்கின்றன. கோமா கொத்து என்பது அதன் பெயர். அதன் நடுப்பகுதியைக் காட்டும் எந்தப் படத்தை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கேலக்ஸிகள்தான் முதலில் கண்ணில் படும். ஒன்று என்ஜிசி 4889, இன்னொன்று என்ஜிசி 4874. நமது பால்வழியில் இருப்பது போன்ற சுருள் கரங்களோ நீல நிற இளம் விண்மீன்களோ இவற்றில் இல்லை. மஞ்சள் நிறத்தில், முட்டை வடிவில், ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி பரந்து கிடக்கின்றன.

பெரிய கொத்துகள் பலவற்றின் நடுவில் இப்படி ஒரு ராட்சதக் கேலக்ஸி உண்டு. கன்னிக் கொத்தில் எம்87, பெர்சியஸ் கொத்தில் என்ஜிசி 1275. பல கேலக்ஸிகள் இணைந்துதான் இவை இந்த அளவுக்கு வளர்ந்தன என்பதை வானியலாளர்கள் இன்று பொதுவாக ஏற்கிறார்கள். அந்த இணைப்பு எங்கே, எப்போது நடந்தது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

இதற்கு எளிதில் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. நடுவில் கேலக்ஸிகள் நெருக்கமாக இருக்கின்றன, நெருக்கம் இருந்தால் மோதல் இருக்கும், மோதி மோதி நடுவில் இருப்பது பெருத்துவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேலக்ஸிகளின் வேகத்தைக் கணக்கில் எடுத்த அடுத்த நிமிடமே இந்த விளக்கம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

1933ல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதே கோமா கொத்தின் கேலக்ஸிகளுடைய வேகங்களை ஒப்பிட்டபோது அவை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருப்பதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இத்தனை வேகத்தில் ஓடுபவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருள் என்ற கருத்து அழுத்தமாக முன்வைக்கப்பட்டது அங்கேதான். அந்த வேகம், சராசரியாக விநாடிக்கு 1000 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நமது கதைக்கும் இந்த எண்தான் அச்சாணி.

விநாடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கேலக்ஸி, ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள இன்னொரு கேலக்ஸியை 3 கோடி ஆண்டுகளில் கடந்துவிடும். நீண்ட காலம்போலத் தோன்றலாம். ஆனால் நமது சூரியன் பால்வழியை ஒருமுறை சுற்றிவர 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதாவது உள்ளே இருக்கும் விண்மீன்கள் என்ன நடக்கிறது என்று 'உணர்ந்து' தம் பாதையை மாற்றிக்கொள்வதற்குள் வந்தவர் போய்விட்டார். இரண்டு கேலக்ஸிகள் ஒன்றாக வேண்டுமென்றால், அவை நெருங்கி வரும் ஓட்டத்தின் ஆற்றல் உள்ளிருக்கும் விண்மீன்களின் தாறுமாறான ஓட்டமாக மாற வேண்டும். ஒன்றையொன்று நெருங்கும் வேகம், கேலக்ஸிக்குள்ளே விண்மீன்கள் ஓடும் வேகத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் இது நன்றாக நடக்கும். உள்ளே ஓடும் வேகம் விநாடிக்கு 200, 300 கிலோமீட்டர்தான். நமது பக்கத்துக் கேலக்ஸியான ஆந்திரோமெடா நம்மை நோக்கி வருவதோ சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில். கோமாவின் நடுவில் 1000. அந்த வேகத்தில் உரசல்கள் நிறைய நடக்கும், ஓரத்து விண்மீன்கள் பிய்த்துக்கொண்டு போகும், வாயு பறிபோகும். இணைப்பு மட்டும் அரிது.

ஆக, கூட்டம் மிகுந்த இடம்தான் இணைவதற்கு மிகவும் பாதகமான இடம். அப்படியானால் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கேலக்ஸி எப்படி உருவானது?

விடையின் ஒரு பகுதி, கேலக்ஸிகளை மனதில் கொள்ளாமல் எழுதப்பட்ட ஓர் ஆய்வில் இருந்தது. 1943ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சுப்ரமணியன் சந்திரசேகர், விண்மீன் கூட்டத்தின் ஊடே ஓடும் ஒரு விண்மீன் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சந்திரசேகர்தான். அவருக்கு 1983ல் நோபல் பரிசு கிடைத்தது விண்மீன்களின் கட்டமைப்பும் பரிணாமமும் பற்றிய ஆய்வுக்காக. இந்தக் கணக்கைப் பற்றி நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேலக்ஸிகளின் வளர்ச்சியைப் படிப்பவர்களுக்கோ 'சந்திரசேகர் உராய்வு' அன்றாடச் சொல்.

அதன் இயக்கம் இப்படி. ஒரு கனமான பொருள், அதைவிடச் சிறிய ஏராளமான பொருள்களுக்கு நடுவே போகிறது. போகும் வழியில் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. இழுக்கப்பட்டவை வந்து சேர்வதற்குள் அது முன்னே நகர்ந்துவிடுகிறது. அதனால் அதன் முதுகுக்குப் பின்னே பொருள் சற்று அடர்த்தியாகச் சேர்கிறது. அந்த அடர்த்தி அதைப் பின்னோக்கி இழுக்கிறது. எதுவும் எதையும் தொடவில்லை. ஈர்ப்பு மட்டுமே உராய்வின் வேலையைச் செய்துவிடுகிறது. எடை இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும், ஏனென்றால் பின்னால் சேரும் பொருளும் கூடுகிறது, அது இழுக்கும் எடையும் கூடுகிறது. நல்ல வேகத்தில் போகும் பொருளுக்கு வேகம் இரண்டு மடங்கானால் விசை கால் பங்காகக் குறையும்.

கேலக்ஸிக் கொத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சுற்றிலும் நிறைந்திருக்கும் கரும்பொருள்தான் அந்தச் சிறு பொருள்களின் கடல். கனமான கேலக்ஸி வேகம் இழந்து, சுற்றுப்பாதை சுருங்கி, நடுவை நோக்கி இறங்கும். சிறிய கேலக்ஸிக்குப் பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டு முழுவதும் கொடுத்தாலும் போதாது. 1970களில் ஜெரிமையா ஆஸ்ட்ரைக்கரும் ஸ்காட் ட்ரமெய்னும் இந்தக் கணக்கை எடுத்து, நடுவில் உள்ள கேலக்ஸி தன்னை நோக்கி இறங்கிவரும் பெரிய கேலக்ஸிகளை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்கிறது என்றார்கள். கொத்தில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே பிரகாசத்தில் பெரிய இடைவெளி விழுவது ஏன் என்பதற்கும் அது விளக்கம் தந்தது. இரண்டாமிடத்தில் இருந்ததைத்தான் முதலிடம் விழுங்கிவிட்டதே.

இந்த விளக்கமும் முழுமையாக நிற்கவில்லை. 1980களில் டேவிட் மெரிட் போன்றவர்கள் ஓர் இடறலைச் சுட்டிக்காட்டினார்கள். கொத்துக்குள் விழும் கேலக்ஸியைக் கொத்தின் ஓத விசை, அதாவது அருகிலுள்ள பக்கத்தை அதிகமாகவும் தொலைவிலுள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும் ஈர்ப்பு, உரித்துக்கொண்டே வருகிறது. முதலில் போவது அதன் கரும்பொருள் போர்வை. எடை குறைந்தால் உராய்வு குறையும், உராய்வு குறைந்தால் இறங்கும் நேரம் நீளும். இன்றைய பெரிய கொத்துகளில் நடு ராட்சதர்களை இந்த ஒரு வழியால் மட்டும் கட்டி முடிக்க நேரம் போதவில்லை.

எனவே இணைப்பின் பெரும்பகுதி, கொத்து என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கொத்துகள் ஒரேயடியாகப் பிறப்பதில்லை. ஐந்து, பத்து கேலக்ஸிகள் கொண்ட சிறு குழுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கொத்தாகின்றன. சிறு குழுவின் ஈர்ப்பு பலவீனமானது, ஆகவே அங்கே கேலக்ஸிகள் மெதுவாகத்தான் ஓடும்: விநாடிக்கு 200, 300 கிலோமீட்டர். இணைவதற்குத் தேவையான வேகமும் அதுவே. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். கொத்தின் நடுவில் நாம் பார்க்கும் ராட்சதக் கேலக்ஸியின் வரலாறு பெரும்பாலும் அந்த நடுவுக்கு வெளியே, சின்னச் சின்னக் குழுக்களில் எழுதப்பட்டது.

கோமாவுக்கு இரண்டு ராட்சதர்கள் இருப்பதன் காரணமும் இங்கே வந்து சேர்கிறது. என்ஜிசி 4889க்கும் என்ஜிசி 4874க்கும் நம் பார்வைக்கோட்டில் வேக வித்தியாசம் விநாடிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். வானில் தெரியும் இடைவெளி ஏறத்தாழ 7 லட்சம் ஒளியாண்டு. ஒரே கொத்தின் நடுவில் சேர்ந்து வளர்ந்தவை இப்படி இருக்க மாட்டா. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தன் தன் கூட்டத்துக்கு நடுவில் இருந்தவை. இரு கூட்டங்களும் மோதியதில் ஒரே வீட்டுக்கு இரண்டு தலைவர்கள் ஆகிவிட்டது. ஆர்ட்வின் கெர்ஹார்ட் தலைமையிலான குழு 2007ல் சுபாரு தொலைநோக்கியைக் கொண்டு, இந்தப் பகுதியில் எந்தக் கேலக்ஸியையும் சேராமல் உலவும் கோள் நெபுலாக்களின் (இறக்கும் விண்மீன்கள் உதறிய வாயுக் கூடுகள்) வேகங்களை அளந்து, அந்த மோதல் இன்னும் முடியவில்லை என்று காட்டியது.

தென்மேற்கே இருக்கும் என்ஜிசி 4839, தன் குழுவோடு கோமாவுக்குள் வந்திருக்கும் மூன்றாவது பெரிய கேலக்ஸி. எக்ஸ் கதிர்ப் படங்களில் அதன் பின்னே வெப்ப வாயு வால்போல நீண்டு கிடப்பது தெரியும். அந்தக் குழு இப்போதுதான் முதல்முறையாக விழுகிறதா, ஏற்கெனவே நடுவைக் கடந்து திரும்புகிறதா என்று நெடுநாள் விவாதம் இருந்தது. ஈரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் படத்தில், அந்தக் குழுவையும் கொத்தின் நடுவையும் இணைக்கும் மங்கலான பாலம் ஒன்று 2021ல் தெரியவந்தது. ஒருமுறை கடந்துவிட்டது என்பவர்கள் பக்கம் தராசு இப்போது சாய்ந்திருக்கிறது.

இணைப்பு வெளியே நடக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று வேறு ஒரு கொத்திலிருந்து வந்தது. எம்எஸ் 1054-03 என்ற கொத்தின் ஒளி நம்மை வந்தடைய சுமார் 700 கோடி ஆண்டு ஆகிறது. 1999ல் பீட்டர் வான் டோக்கமும் உடன் பணியாற்றியவர்களும் ஹபிள் தொலைநோக்கியில் அதைப் பார்த்தபோது, அதன் பிரகாசமான கேலக்ஸிகளில் 17 சதவீதம் இணைந்துகொண்டிருந்தன. அந்த ஜோடிகள் கொத்தின் நடுவில் அல்ல, பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருந்தன. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது: அவை சிவப்பாக இருந்தன. புதிய விண்மீன்கள் பிறக்கும்போது வரும் நீலம் இல்லை. வாயு ஏற்கெனவே தீர்ந்துபோன கேலக்ஸிகள், கையிலிருக்கும் பழைய விண்மீன்களை மட்டும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டன. வறண்ட இணைப்பு என்று இதைச் சொல்வார்கள்.

இதனால் விசித்திரமான ஒரு நிலை உண்டாகிறது. கேப்ரியெல்லா டி லூசியாவும் ஜெரமி பிளேசோவும் 2007ல், மில்லேனியம் என்ற மாபெரும் கணினி உருவகத்தைக் கொண்டு இந்த நடுக் கேலக்ஸிகளின் குடும்ப மரத்தை வரைந்தார்கள். அவற்றில் இன்றிருக்கும் விண்மீன்களில் 80 சதவீதம், பிரபஞ்சத்துக்கு 200 கோடி ஆண்டு வயதாவதற்குள்ளேயே பல சிறு கேலக்ஸிகளில் பிறந்துவிட்டன. ஆனால் இறுதி எடையில் பாதி ஒரே கேலக்ஸிக்குள் வந்து சேர்ந்தது கடந்த 500 கோடி ஆண்டுகளில்தான். வீடு புதிது, செங்கல் எல்லாம் பழசு. நிறத்தை மட்டும் பார்த்து 'இது பழங்காலக் கேலக்ஸி' என்று முடிவு கட்டிய காலம் ஒன்று இருந்தது. விண்மீனின் வயது வேறு, கேலக்ஸியின் வயது வேறு என்பதை இந்த ராட்சதர்கள் சொல்வதுபோல வேறெதுவும் தெளிவாகச் சொல்வதில்லை.

ஆரம்ப கால இணைப்புகள் வறண்டவை அல்ல. எஸ்பிடி2349-56 என்பது தென்துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்த ஒரு புள்ளி. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை அதைக் கூர்ந்து பார்த்தபோது, அந்த ஒற்றைப் புள்ளி 14 கேலக்ஸிகளாகப் பிரிந்தது. 2018ல் முடிவு வெளியானது. ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 140 கோடி ஆண்டு. பதினான்கும் ஏறத்தாழ 4 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் அடைந்திருந்தன, எல்லாவற்றிலும் வாயு நிறைந்து, விண்மீன்கள் வெறித்தனமான வேகத்தில் பிறந்துகொண்டிருந்தன. அவை ஒன்றுக்கொன்று ஓடும் வேகம் விநாடிக்கு 400 கிலோமீட்டர் அளவில்தான். இன்றைய கோமாவின் வேகத்தில் பாதிகூட இல்லை. இப்படி ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றாவதை எதுவும் தடுக்காது.

இணைப்பில் எல்லா விண்மீனும் புதுக் கேலக்ஸிக்குப் போய்ச் சேர்வதில்லை. 2007ல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் உதவியோடு ஆராயப்பட்ட சிஎல்0958+4702 என்ற கொத்தில் நான்கு பெரிய கேலக்ஸிகள் ஒரே நேரத்தில் இணைந்துகொண்டிருந்தன. மூன்று பால்வழியின் அளவு, நான்காவது அதைப்போல மூன்று மடங்கு. அவற்றைச் சுற்றி ஏராளமான விண்மீன்கள் விசிறிபோல வீசப்பட்டுக் கிடந்தன. பாதி திரும்ப விழும், மீதி கொத்துக்குள்ளேயே எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல் அலையும். அப்படி உதிர்ந்த விண்மீன்களின் மங்கலான ஒளியைக் கோமாவில் ஸ்விக்கி 1951லேயே கவனித்துச் சொன்னார். அதைச் சரியாக அளக்க முக்கால் நூற்றாண்டு ஆனது. ஐரோப்பாவின் யூக்ளிட் விண்தொலைநோக்கி பெர்சியஸ் கொத்தைப் படமெடுத்ததில், அங்கே சுமார் ஒன்றரை லட்சம் கோடி அநாதை விண்மீன்கள் இருப்பதாக 2024ல் கணக்கிட்டார்கள். கொத்தின் மொத்த ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நடுக் கேலக்ஸியின் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். அது அநாதை ஒளியோடு கலந்து மறைகிறது, கோடு போட்டுப் பிரிக்க வழியில்லை. நடுக் கேலக்ஸியின் எடை என்று ஓர் ஆய்வில் வரும் எண்ணைப் படிக்கும்போது, எதுவரை எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இனி கருந்துளைகள். பெரிய கேலக்ஸி ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது. இரண்டு கேலக்ஸிகள் இணைந்தால் உள்ளே இரண்டு கருந்துளைகள். பால்வழியின் கருந்துளை சூரியனைப்போல 43 லட்சம் மடங்கு எடை கொண்டது. எம்87ல் இருப்பது 650 கோடி மடங்கு. 2019ல் வெளியான முதல் கருந்துளைப் படம் அதனுடையது. என்ஜிசி 4889ல் சுமார் 2100 கோடி என்று 2011ல் அளந்தார்கள். ஏபெல் 85 கொத்தின் நடுவில் உள்ள ஹோம் 15ஏ கேலக்ஸிக்கு 2019ல் கிடைத்த அளவு 4000 கோடி.

ஏபெல் 400 என்ற கொத்தின் நடுவில் இத்தகைய ஜோடி ஒன்றை ரேடியோ அலைகளில் கண்ணாரப் பார்க்கலாம். 3சி 75 என்று பெயர். சுமார் 25,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகள், இரண்டிலிருந்தும் பீறிடும் பொருள் பாய்ச்சல்கள். இரண்டின் பாய்ச்சல்களும் ஒரே பக்கமாக வளைந்து கிடக்கின்றன, ஏனென்றால் ஜோடி சேர்ந்தே கொத்தின் வாயுவைக் கிழித்துக்கொண்டு போகிறது.

25,000 ஒளியாண்டிலிருந்து சில பத்து ஒளியாண்டு வரை அவற்றை நெருக்கிக் கொண்டுவருவது மறுபடியும் சந்திரசேகர் உராய்வுதான். அதற்குப் பிறகு வேறு வழி. அருகே வரும் ஒவ்வொரு விண்மீனையும் ஜோடி கவண்போலச் சுழற்றி எறிகிறது. எறியும்போது கொஞ்சம் ஆற்றல் இழந்து தானும் நெருங்குகிறது. இதில் மையத்திலிருந்த விண்மீன்கள் காலியாகின்றன. சாதாரணமாக மையத்தை நோக்கிப் போகப் போக ஒளி கூடிக்கொண்டே போக வேண்டும். இந்த ராட்சதர்களின் மையம் தட்டையாக, மங்கலாக இருக்கிறது. ஹோம் 15ஏ அதற்குச் சிறந்த உதாரணம். ஏபெல் 2261 கொத்தின் நடுக் கேலக்ஸியில் இந்தத் தட்டையான மையம் 10,000 ஒளியாண்டு அகலம். ஆனால் அங்கே இருக்க வேண்டிய கருந்துளையைச் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் தேடியும் 2021 ஆய்வில் அகப்படவில்லை. இரண்டு கருந்துளைகள் ஒன்றாகும்போது, வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலைகள் ஒரு பக்கமாக அதிகம் வெளியேறினால், பிறந்த கருந்துளை எதிர்ப்பக்கமாக உதைக்கப்படும். அப்படி மையத்தை விட்டே தள்ளப்பட்டதா, அல்லது இரை இல்லாமல் இருண்டு கிடக்கிறதா என்பது முடிவாகவில்லை.

எறிவதற்கு அருகில் விண்மீன்கள் தீர்ந்துவிட்டால் ஜோடி சில ஒளியாண்டு இடைவெளியில் அப்படியே நின்றுவிடுமா என்ற கேள்வி கோட்பாட்டாளர்களை நெடுங்காலம் உறுத்தியது. 2023 ஜூனில் வந்த அறிவிப்பு அந்தக் கவலையை வெகுவாகக் குறைத்தது. கலங்கரை விளக்கம்போலச் சுழன்று துல்லியமாகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களின் நேரத்தைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, அதில் விழும் நுண்ணிய பிசகுகளிலிருந்து மிக நீண்ட ஈர்ப்பலைகளைத் தேடும் குழுக்கள், அப்படி ஒரு பின்னணி அலை இருப்பதற்கான சான்று கிடைத்ததாக ஒரே நேரத்தில் சொன்னார்கள். வட அமெரிக்காவின் நானோகிராவ், ஐரோப்பியக் குழு, ஆஸ்திரேலியா, சீனா, அவர்களோடு இந்தியப் பல்சர் நேரக் குழுவும். இந்தியக் குழுவின் கருவி, புனேக்கு அருகே கோடாட் கிராமத்தை மையமாகக் கொண்ட 30 அலைவாங்கிகளின் ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி. அதன் தரவு ஐரோப்பியக் குழுவின் தரவோடு சேர்த்து ஆராயப்பட்டது.

அலையின் மூலம், அந்த இடைவெளியைத் தாண்டி நெருங்கிவிட்ட பெருங்கருந்துளை ஜோடிகள் என்பதே இப்போதைக்கு மிகப் பொருத்தமான விளக்கம். வேறு விளக்கங்களும் களத்தில் உண்டு. இதுவரை கேட்பது பிரபஞ்சமெங்கும் உள்ள ஜோடிகளின் கூட்டு இரைச்சல். அதிலிருந்து ஒரு ஜோடியைத் தனியே பிரித்துக் கேட்பதுதான் அடுத்த இலக்கு. மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஜோடியின் எடை இரண்டு மடங்கானால் அலையின் வலிமை மூன்று மடங்குக்கு மேல் கூடும். அதனால் கனமான கருந்துளைகளைச் சுமக்கும் கேலக்ஸிகளுக்குத் தேடலில் தனி இடம் உண்டு, அருகிலுள்ள கொத்துகளின் நடுக் கேலக்ஸிகள் அவற்றில் முன்வரிசை. அப்படி ஒன்று பிடிபட்டால், கடைசிச் சில ஒளியாண்டை அந்த ஜோடி எந்த வழியில் கடந்தது என்பதை ஒரு குறிப்பிட்ட கேலக்ஸியின் மையத்தோடு வைத்துச் சரிபார்க்க முடியும்.